சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் கண்ணெதிரே, வேகமானியின் பக்கத்தில், ஒரு சிறு சிவப்பு விளக்கு இருக்கும். கடலைப் பருப்பளவே இருக்கும். வண்டியில் உள்ள விளக்குகள் யாவற்றிலும் விலை குறைந்தது இதுதான். ஆயினும் மற்ற விளக்குகள் இன்றிரவு எரியுமா எரியாதா என்பதை முன்கூட்டியே அறிந்து சொல்ல வல்லதும் இது ஒன்றே. இவ்விளக்கு எப்படி எரிகிறது, ஏன் அணைகிறது, அணைய வேண்டிய நேரத்தில் அணையாவிட்டால் அதிகச் செலவின்றி என்ன செய்யலாம் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். 'மோட்டார் சைக்கிள் அண்ணனுடைய விவகாரம், நமக்கெதற்கு?' என்று பக்கத்தைப் புரட்ட நினைக்கும் மாணவியர் ஒரு நிமிடம் பொறுக்கவும். பள்ளியில் நாம் படிக்கும் ஓம் விதிக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

நான் எடுத்துக்கொண்டிருப்பது பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளை. செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஜாவா நிறுவனத்தின் உரிமம் பெற்று, மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் இவ்வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. எழுபதுகளில் பெயர் யெஸ்டி என்று மாறிற்று. 1996-இல் ஆலை மூடப்பட்டது. அதே பெயர்களில் 2018-லும் 2022-லும் வெளிவந்த வண்டிகள் வேறு. அவற்றின் உள்ளமைப்பு முற்றிலும் புதிது. பழைய வண்டிகளை இன்றும் கடலூர் முதுநகரிலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும் காணலாம். காண்பதற்கு முன்னரே காது அவற்றை அறிந்துகொள்ளும்! இவ்வண்டிகளில் பெரும்பாலானவை 6 வோல்ட் பாட்டரியும் டைனமோவும் கொண்டவை. அந்த எளிமைதான் பாடம் படிக்க ஏற்றது.

பாட்டரி என்பது வீட்டில் உள்ள தண்ணீர்த் தொட்டி போன்றது. டைனமோ என்பது அத்தொட்டியை நிரப்பும் பம்பு. என்ஜின் நிற்கும்போது வண்டிக்கு வேண்டிய மின்சாரம் பாட்டரியிலிருந்து வருகிறது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதன் தண்டோடு சேர்ந்து டைனமோவின் ஆர்மேச்சரும் சுழன்று மின்சாரம் உண்டாக்குகிறது. அது விளக்குகளுக்கும், பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கும் போக, மிச்சம் பாட்டரியில் சேர்கிறது. இடையே கட்-அவுட் என்றொரு சிறு வாயிற்காவலன் உண்டு. டைனமோவின் அழுத்தம் பாட்டரியின் அழுத்தத்தை மிஞ்சும்போது மட்டும் அவன் கதவைத் திறப்பான், குறைந்தால் சாத்திவிடுவான். இல்லையேல் பாட்டரியில் சேர்த்த மின்சாரம் நின்றுபோன டைனமோ வழியாகவே வழிந்தோடிவிடும்.

இனி சிவப்பு விளக்குக்கு வருவோம். அதன் ஒரு முனை, சாவி வழியாகப் பாட்டரியோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. மறுமுனை டைனமோவோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. இவ்வளவுதான் அதன் இணைப்பு. இதைச் செய்தவர் யாராயினும் கெட்டிக்காரர் என்பதில் ஐயமில்லை.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நின்று பார்த்தவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். கடலில் நீர் வற்றும் வேளையில் ஆற்று நீர் கடலை நோக்கி ஓடும். ஓதம் ஏறும் வேளையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். இரண்டு மட்டமும் ஒன்றாகும் இடைவேளையில் நீர் அசையாமல் நிற்கும். காகிதப் படகை விட்டால் விட்ட இடத்திலேயே கிடக்கும். விளக்கும் அப்படித்தான். சாவியைப் போட்டதும் பாட்டரியின் பக்கம் 6 வோல்ட், ஓடாத டைனமோவின் பக்கம் ஒன்றுமில்லை. ஆகவே மின்னோட்டம் பாட்டரியிலிருந்து விளக்கின் வழியே டைனமோவின் கம்பிச் சுருள்களுக்குள் சென்று வண்டியின் உடலைச் சேர்கிறது, விளக்கு எரிகிறது. என்ஜினை உதைத்துக் கிளப்பியதும் டைனமோவின் மட்டம் ஏறுகிறது. இரு பக்கமும் சமமானதும், எரிவதற்குக் காரணமே இல்லாமற் போய் விளக்கு அணைகிறது. யாரும் அதை அணைப்பதில்லை.

ஆகவே சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் வேகம் பிடித்ததும் அணைவதே ஆரோக்கியமான விளக்கு. மெதுவாக ஓடும்போது சற்றே மினுக்கினால் கவலை வேண்டாம். வேகமெடுத்த பின்னும் பளிச்சென்று எரிந்தால், 'பம்பு ஓடவில்லை, தொட்டி காலியாகிக்கொண்டிருக்கிறது' என்பதே அது சொல்லும் சேதி.

காலியானால் என்ன? இங்கேதான் கணக்குப் போட வேண்டும். முகப்பு விளக்கு 35 வாட் என்று கொள்வோம். 6 வோல்டில் அது ஏறத்தாழ 6 ஆம்பியர் இழுக்கும். பின் விளக்கு 5 வாட்; அது முக்கால் ஆம்பியருக்குச் சற்று அதிகம். தீப்பொறி உண்டாக்கும் காயிலுக்குச் சராசரி 2 ஆம்பியர். மொத்தம் எட்டரை ஆம்பியருக்கு மேல். பாட்டரி 12 ஆம்பியர்-மணி கொள்ளளவு உடையதானால் ஏட்டுக் கணக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குக்கூடப் போதாது. பழைய பாட்டரிக்குப் பாதிப் பலம்தான் இருக்குமென்று வைத்தால் முக்கால் மணி நேரம். மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இரவில் புறப்பட்டவர், ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில், முன்னும் பின்னும் லாரிகள் விரைகிற சாலையில், விளக்கும் இன்றி என்ஜினும் நின்று இருட்டில் நிற்பார். பின் விளக்கும் எரியாதாகையால் பின்னால் வருபவருக்கு அங்கே ஒரு வண்டி நிற்பதே தெரியாது.

பகலில் அவ்வளவு ஆபத்தில்லை. முகப்பு விளக்கை அணைத்து, ஹாரனை அளவோடு அடித்துச் சென்றால் தீப்பொறிக்கு மட்டும் பாட்டரி சில மணி நேரம் தாங்கும். நேரே வீடு திரும்பிவிடலாம். வழியில் என்ஜினை நிறுத்தாமல் போவது நல்லது.

அணைய வேண்டிய விளக்கு அணையாமலிருப்பதைவிட, சாவி போட்டதும் எரியவே எரியாத விளக்கு மிகவும் பொல்லாதது என்பது என் எண்ணம். பல்பு எப்போதோ கருகிப் போயிருக்கும். 'சிவப்பு எரியவில்லை, ஆகவே எல்லாம் நலம்' என்று ஓட்டுபவர் நிம்மதியாக இருப்பார். எங்கள் சித்தப்பாவுக்கு நேர்ந்தது இதுவே. அவர் முதுநகர்வாசி, சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் இரவு வரை வேலை. யெஸ்டியில்தான் போய்வருவார். முகப்பு விளக்கு நாளுக்கு நாள் மங்கிற்று. பாட்டரி பழுது என்று புதிதாக வாங்கிப் போட்டார். அதுவும் மூன்றாம் நாள் படுத்துவிட்டது. பட்டறையில் ஒருவர், வண்டியைத் திறந்தும் பாராமல், "டைனமோ போயிடுச்சு சார், ஆர்மேச்சருக்குக் காயில் கட்டணும், இல்லேன்னா முழுசா மாத்தணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார். அது சித்தப்பாவின் அரை மாதச் சம்பளம். வீட்டில் அந்த அளவுக்கு இருந்த பணம், தங்கையை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க எடுத்து வைத்திருந்தது ஒன்றுதான்.

தங்கை அப்போது பிளஸ் டூ மாணவி. "அப்பா, பணத்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கொடுங்க" என்று கேட்டாள். சித்தப்பா சிரித்தார், ஆனால் கொடுத்தார். அவள் வைத்திருந்த ஆயுதங்கள்: ஒரு திருப்புளி, இரண்டு ஸ்பேனர், பழைய பல்பு ஹோல்டரில் 6 வோல்ட் பல்பு மாட்டி இரண்டு கம்பி இணைத்த சோதனை விளக்கு. அவள் வேலை செய்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது. காசு செலவாகாத சோதனை முதலில்; செலவு மிக்கது கடைசியில். பட்டறைக்காரர் கடைசிப் படியிலிருந்து தொடங்கினார் என்பதே வேறுபாடு.

முதலில் சாவியைப் போட்டாள். ஹாரன் ஒலித்தது, ஆகவே பாட்டரியில் உயிர் இருக்கிறது. ஆனால் சிவப்பு விளக்கு எரியவில்லை. பல்பைக் கழற்றிச் சோதித்தாள், உள்ளிழை அறுந்திருந்தது. புதிய பல்பு போட்டதும் சிவப்புக் கண் விழித்தது. (பல்பு நன்றாயிருந்தும் எரியாவிட்டால், டைனமோவில் சேரும் அந்தக் கம்பியைக் கழற்றி அதன் நுனியை வண்டியின் உடலில் தொட்டுப் பார்க்க வேண்டும். எரிந்தால் பல்பும் கம்பியும் சரி. குறை டைனமோவின் உள்ளே. எரியாவிட்டால் குறை கம்பியில் அல்லது ஹோல்டரில். அந்தக் கம்பியைக் கழற்றிய பிறகும் தானாக எரிந்துகொண்டேயிருந்தால், கம்பி எங்கோ தோலுரிந்து வண்டியின் உடலைத் தொடுகிறது.) என்ஜினைக் கிளப்பினார்கள். விளக்கு அணையவில்லை. இது தோல்வி போலத் தோன்றும். உண்மையில், பல நாள் ஊமையாயிருந்த சாட்சி வாய் திறந்துவிட்டான்.

அடுத்து இணைப்புகள். நம் கடற்கரை ஊர்களில் இதைத் தாண்டி ஒரு படி போகவே கூடாது. தேவனாம்பட்டினத்துக் காற்றில் ஒரு கைக்குட்டையை உலர்த்தி எடுத்தால் அது பிசுபிசுக்கும். காற்றோடு வரும் உப்பு ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் அது மின்சாரம் கடத்தும் திரவம். செம்புக் கம்பி, பித்தளை முனை, இரும்புச் சட்டம், அலுமினிய என்ஜின் எனப் பல உலோகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அத்திரவம் படிந்தால், அங்கே வேண்டாத ஒரு சிறு மின்கலமே உருவாகி உலோகத்தைத் தின்னத் தொடங்கும். செம்பில் பச்சைக் களிம்பு, இரும்பில் துரு. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தில் முழுகிய வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு துளிக் களிம்பு என்ன செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு விளக்கின் 6 ஆம்பியர் அதன் வழியே பாயும்போது 0.6 வோல்ட் அங்கேயே வீணாகிறது. ஆறு வோல்டில் இது பத்தில் ஒரு பங்கு. இதே 35 வாட் விளக்கு 12 வோல்ட் வண்டியில் இருந்தால் 3 ஆம்பியர்தான் பாயும், 0.3 வோல்ட்தான் இழப்பு. பன்னிரண்டில் அது நாற்பதில் ஒரு பங்கு. ஆக, அதே அழுக்கு 6 வோல்ட் வண்டியை நான்கு மடங்கு வாட்டுகிறது. பிற்காலத்து வண்டிகள் 12 வோல்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். வேகமாக ஓடும்போது சிவப்பு விளக்கு முழுதும் அணையாமல் பூனைக்கண் போல மங்கலாக மினுங்கினால், டைனமோவுக்கும் பாட்டரிக்கும் இடைப்பட்ட வழியில் இத்தகைய தடை இருக்கிறதென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கட்-அவுட்டின் முனைகள் கருகியிருந்தாலும் இப்படித்தான். ஒருமுறை அணைந்து, வேகம் கூடக்கூட மறுபடியும் பிரகாசமாக எரிந்தால் டைனமோ நன்றாகவே உழைக்கிறது. அதன் உழைப்பு பாட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. வழி அறுந்திருக்கிறது. மட்டம் இப்போது டைனமோ பக்கம் உயர்ந்து, மின்னோட்டம் விளக்கில் எதிர்த்திசையில் பாய்கிறது. பல்புக்குத் திசை ஏது?

பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிக்கு, அடுக்களையில் உள்ள சமையல் சோடாவை நீரில் கரைத்து ஊற்றினால் போதும். அமிலம் பொங்கி அடங்கும். கரைசல் பாட்டரியின் உள்ளே போகாமல் மூடிகளை இறுக்கி வைக்க வேண்டும். பிறகு நல்ல நீரால் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே சிறிது வாஸலீன் தடவ வேண்டும். வண்டியின் உடலோடு சேரும் கம்பியை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுவது வழக்கம். ஸ்பேனர் எங்காவது இடித்தாலும் தீப்பொறி பறக்காது. பாட்டரி அருகே தீக்குச்சி கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். உடல் இணைப்பை, அதாவது எர்த் கம்பி சட்டத்தில் சேரும் இடத்தை, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். உப்பின் தொல்லைக்கு உப்புத்தாளே மருந்தாவது நம் மொழியின் குறும்பு.

தங்கை இவையெல்லாம் செய்தாள். முகப்பு விளக்கு தெளிந்தது. சிவப்பு விளக்கு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. இதன் பின்னரே என்ஜினின் பக்க மூடியைக் கழற்றினாள். ஆர்மேச்சர் சுழலும்போது அதிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்க, கம்யூட்டேட்டர் என்னும் செம்புப் பட்டைகளின் மேல் கார்பன் பிரஷ்கள் உராய்ந்துகொண்டிருக்கும். பெயர்தான் பிரஷ், உண்மையில் அது கரிக்கட்டி. பின்னாலிருந்து ஒரு வில் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். தேயத் தேய முன்னே நகர வேண்டும். அவள் பார்த்தபோது, கரித்தூளும் எண்ணெயும் குழைந்து ஒரு பிரஷ் தன் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பைத் தொடவேயில்லை. மற்றதும் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. காயில் எரிந்த வாடையில்லை. கம்பி எதுவும் கருகவுமில்லை.

பெட்ரோல் நனைத்த துணியால் கூட்டைத் துடைத்து, செம்புப் பட்டைகளை நயமான உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, பட்டைகளின் இடுக்கில் நிறைந்திருந்த கரித்தூளை மரக்குச்சியால் நீக்கினாள். இங்கே எமரித்தாள் கூடாது. அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷைக் கடிக்கும். இடுக்கில் தங்கினால் பட்டைகளைக் குறுக்கே இணைத்துவிடவும் கூடும். பெட்ரோல் முற்றும் காய்ந்த பிறகே மின்சாரப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லி வைக்கிறேன். புதுப் பிரஷ் ஒரு ஜோடி முதுநகர்க் கடையிலேயே கிடைத்தது. பட்டறைக்காரர் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது பஸ் கட்டணம். மாட்டிய பின், "இப்போ உதைங்கப்பா" என்றாள். சித்தப்பா உதைத்தார், கைப்பிடியை முறுக்கினார். சிவப்பு மங்கியது, சிமிட்டியது, அணைந்தது. "அணைஞ்சு போச்சும்மா!" என்று அவர் சொன்னவிதத்தில், ஏதோ நல்ல விளக்கு அணைந்துவிட்டதோ என்று உள்ளேயிருந்து சித்தி பதறி ஓடி வந்தார்.

இத்தனைக்குப் பிறகும் அணையவில்லையென்றால்? நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் டைனமோவின் இரும்பில் ஒட்டியிருக்கும் சிறு காந்தசக்தி வடிந்திருக்கலாம். டைனமோ தன் காந்தத்தைத் தானே வளர்த்துக்கொள்ளும் இயந்திரம். அந்த மிச்சக் காந்தத்தில் பிறக்கும் சிறு மின்னோட்டமே காந்தத்தைப் பெருக்க, பெருகிய காந்தம் மேலும் மின்சாரம் தர, இப்படியே வளர்கிறது. பாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலை இவ்வாறு பெரிய இயந்திரமாக்கும் வழியை 1866-67-இல் வெர்னர் ஸீமென்ஸ் முதலியோர் காட்டினர். முதலில் பிடித்துக்கொள்ள இத்துணை காந்தமாவது வேண்டும். வடிந்துபோனால், பாட்டரியிலிருந்து ஒரு கணம் மட்டும் காந்தச் சுருளுக்கு மின்சாரம் தொட்டுக்காட்டினால் மீண்டுவிடும். ஆனால் எந்த முனையை எங்கே தொடுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். திசை தவறினால் தீங்கு. அதுவும் ரெகுலேட்டரின் முனைகளைத் திருத்துவதும் கைதேர்ந்தவர் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியவை. ஆர்மேச்சருக்குக் காயில் கட்டுவது எல்லாவற்றுக்கும் பின்.

சென்னைத் திருவொற்றியூரில் 1955 முதல் உருவான புல்லட் வண்டியின் போக்கு வேறு. அதில் விளக்குக்குப் பதில் அம்மீட்டர் முள் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் வரவு, மறுபக்கம் சாய்ந்தால் செலவு. முள் அளவையும் சொல்லும். விளக்கு ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். ஆனால் இருட்டுச் சாலையில் முள்ளை யார் பார்க்கிறார்கள்? கண்ணில் குத்தும் சிவப்பே மேல் என்பேன்.

டைனமோ மறைந்து ஆல்டர்னேட்டர் வந்துவிட்ட இக்கால 12 வோல்ட் வண்டிகளில், சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்றே சோதனை விளக்கின் வேலையைச் செய்துவிடும். என்ஜின் ஓடாதபோது பாட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். ஓடும்போது பதின்மூன்றரையிலிருந்து பதினாலரைக்குள் ஏற வேண்டும். ஏறாவிட்டால் நிரப்புவதில் குறை. பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டரில் குறை. பழைய 6 வோல்ட் வண்டிக்கு இவ்வளவுகளைப் பாதியாக்கிக் கொள்ளலாம். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளையொட்டி, என்ஜின் வடிவம் பொறித்த மஞ்சள் விளக்கும் முகப்பில் இடம் பிடித்தது. அதுவும் சாவி போட்டதும் எரிந்து, என்ஜின் கிளம்பியதும் அணைய வேண்டியதே. அணையாவிட்டால் உள்ளேயிருக்கும் சிறு கணிப்பொறி ஏதோ குறை கண்டிருக்கிறது; அதைக் கேட்டறியத் தனிக் கருவி வேண்டும், பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். போகுமுன் பாட்டரி முனைகள் தளர்ந்திருக்கின்றனவா, கம்பிகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் கப்ளரில் பச்சை பூத்திருக்கிறதா என்று மட்டும் சாவியை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். அழுத்தம் குறைந்த பாட்டரியும் ஈரம் ஏறிய கப்ளரும் அந்தக் கணிப்பொறியைக் குழப்பக்கூடியவை. இரண்டையும் சரிசெய்யத் துணியும் ஸ்பேனரும் போதும்.